ஆறுமணிக்குருவிக்கு ஒரு பதில்

இன்னும் ஆறாகல. ஆறு மணிங்கது, நம்ம காத்துக்கிட்டு இருக்கையில மட்டும், முந்தின ஸ்டாப்புல எறங்கி டீ குடிச்சிட்டு வார டவுன் பஸ்ஸு மாதிரிதான் வரும். ஜெயசிங்கு, பாளையங்கோட்டை ஹவுசிங் போர்டு காலனி பார்க்குல, கடைசி மூலையில, உரக்குழிக்கு எதுத்தாப்புல கெடக்க சிமெண்டு பெஞ்சுல உக்காந்திருந்தான். மத்தியானம் அடிச்ச மழையைப் பெஞ்சு தனக்குன்னு வச்சிக்கிடல, பேண்டு வழியா மெல்ல மெல்ல அவனுக்கு ஏத்திக்கிட்டு இருந்துச்சு. எந்திச்சிக் காஞ்ச பெஞ்சாப் பாத்துப் போலாம். போனா உரக்குழி தெரியாது. உரக்குழி தெரியலன்னா அவன் இங்க வந்ததுக்கே அர்த்தமில்ல. தோட்டக்காரரு கூட்டிக் குமிச்ச வாகை எலையும் பூவரச எலையும் அங்கதான் கெடந்து அழுகுது, அழுகல்ல புழு நெளியுது, அந்தப் புழுவைத் தின்னத்தான் வருஷா வருஷம் ஐப்பசியில எங்கயோ வடக்க இமயமலை அடிவாரத்துல இருந்து ஒரு குருவி கெளம்பி வருது. இடையில எத்தனை ஊரு, எத்தனை குப்பை, எல்லாத்தையும் வேண்டாம்னு தள்ளிட்டு நேரா இந்தக் குழிக்கு வாரதுன்னா அதுக்கு எவன் அட்ரஸ் கொடுத்தான்? ஆறுமணிக்குருவி. ஒரு கைக்குள்ள அடங்கிரும். வாலுன்னு சொல்லிக்கிட ஒண்ணுமில்ல, முதுகு பச்சை, அடிவயித்துல குங்குமத்தக் கொட்டுன மாதிரி செவப்பு, கண்ணோரம் மையை இழுத்துவிட்டாப்புல ஒரு கறுப்புப் பட்டை. இம்புட்டு தூரம் பறந்து வந்த சீவன், வந்த பொறவு பறக்கதையே மறந்துட்டுத் தரையில தத்தித் தத்தித் திரியும். விடியக்கால ஆறு மணி வாக்குல ஒருக்கா, சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒருக்கா விசிலடிக்கும். ரெண்டே சுரம். மொதச் சுரம் மேல ஏறும், ரெண்டாவது சறுக்கிக் கீழ விழும். நடுவுல ஒரு இடைவெளி, கண்ணை ஒருக்கா மூடித் தொறக்க நேரம். அந்த இடைவெளிதான் வித்தை. கொஞ்சம் கொறஞ்சா மைனா. கொஞ்சம் கூடுனா மனுஷன். அதைப் பிடிக்கதுக்கு ஜெயசிங்குக்கு மூணு சீசன் ஆச்சு. நாலாவது சீசன்ல இதே பெஞ்சுல உக்காந்து அவன் விசிலடிக்க, குழிக்குள்ள இருந்து பதில் வந்துச்சு. முப்பது வருஷமா மேடையில மிமிக்ரி பண்ணுதான், பாசஞ்சர் ரயிலு மாதிரி ஊர் ஊரா நின்னு நின்னு கைதட்டு வாங்கியிருக்கான், அன்னைக்கு உடம்பு சிலுத்த மாதிரி ஒருநாளும் சிலுத்ததில்ல. மனுஷன் மரியாதைக்குக் கைதட்டுவான், தூக்கம் முழிச்சிக் கைதட்டுவான், பக்கத்துல இருக்கவன் தட்டுதான்னு தட்டுவான். குருவிக்கு அந்த நாகரிகமெல்லாம் கெடையாது. சரியா இருந்தா பதில் சொல்லும். இல்லன்னா புழுவைத் தின்னும்.

தொண்டை அரிச்சிச்சு. செருமக் கூடாது. எச்சியை முழுங்கினான், முழுங்குதப்ப அந்த எடத்துல என்னமோ புது ஆளு குடிவந்த மாதிரி ஒரு நெரிசல். குரல் நாணுல மொளகு தண்டிக்கு ஒரு கட்டி. கிள்ளி எடுத்து ரெண்டு வாரமாச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, சாதாக் கட்டிதான், குரலை வச்சிப் பொழைக்கவங்களுக்கு வாரதுதான்னு டாக்டரம்மா சொன்னாவ. சொல்லிட்டு, பேசக் கூடாது, குசுகுசுக்கக் கூடாது, செருமக் கூடாது, விசிலடிக்கக் கூடாதுன்னாவ. அவன் மூச்சு விடலாமான்னு கையைக் காட்டிக் கேட்டான், சிரிச்சிட்டாவ. அதுக்கு முன்னாடி, ஆபரேஷனுக்கு முந்தின நாளு, 'உங்க சாதாரணக் குரல்ல ஒரு ஆ சொல்லுங்க'ன்னு கேட்டாவ. சொன்னான். 'இது இல்ல சார், இது ரேடியோவுல செய்தி வாசிக்கவரு மாதிரி இருக்கு. உங்களுது.' இன்னொரு ஆ சொன்னான். அது தாலுகா ஆபீஸ் கிளார்க்கு. இன்னொண்ணு சொன்னான், அது அவனுக்கே தெரியும், அவங்க பத்தாம் வகுப்பு வாத்தியாரு. டாக்டரம்மா பேனாவை வச்சிட்டு ரூபியைப் பாத்து, 'இவங்க குரல் எதும்மா?'ன்னு கேட்டாவ. ரூபி கொஞ்ச நேரம் யோசிச்சா. பொண்டாட்டி யோசிக்கா! கல்யாணமாயி முப்பது வருஷம்! 'தூக்கத்துல பொலம்புவாவ டாக்டர். ஒருவேளை அதுவா இருக்கும்'னா. டாக்டரம்மாவும் சிரிச்சாவ, பக்கத்துல நின்ன நர்ஸும் சிரிச்சா, ஜெயசிங்கும்தான் சிரிச்சான், எந்தக் குரல்ல சிரிச்சோம்னு அப்ப யோசிக்கல. இப்ப ரெண்டு வாரமா அதத்தான் யோசிக்கான். குரல் கண்டிப்பாத் திரும்பும் சார், ஆனா பழைய மாதிரி எல்லாக் குரலும் வருமாங்கதை இப்ப சொல்ல முடியாது. அது டாக்டரம்மா சொன்னது. காலையில தொண்டைக்குள்ள கொழாய் விட்டுப் பாத்துட்டு, இன்னைக்குப் பொழுது சும்மா இருங்க, சாயங்காலத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா பேசிப் பாருங்கன்னுட்டாவ. சாயங்காலம். அதான் வந்துட்டுல்லா. மத்தியானம் ரசத்தை ஊத்திக்கிட்டே ரூபி கேட்டா, 'மொத வார்த்தை என்ன சொல்லப் போறீய?' கேட்டுட்டுக் கரண்டியைப் பாத்துக்கிட்டா. அவ பேரத்தான் சொல்லணும். அது தெரியாமலா. ஆனா அந்தப் பேரைச் சொல்லி, வெறும் காத்து வந்துட்டுன்னா? அவ நல்லாருக்குன்னுதான் சொல்லுவா. அதான் கொடுமை. நல்லாருக்குன்னு சொல்லுவா, சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போவா, போயி அழுகுதது கேக்காம இருக்கப் பைப்பைத் தொறந்துவிடுவா, அந்தத் தண்ணி சத்தத்துல இவனுக்கு எல்லாம் வெளங்கிரும். அதுக்குத்தான் மொதல்ல இங்க. மொதல்ல குருவி. குருவி பதில் சொல்லிட்டுன்னா, வீட்டுக்குப் போயி ரூபின்னு தைரியமாச் சொல்லலாம்.

ரூபிகிட்ட அவன் பாச்சா ஒருநாளும் பலிச்சதில்ல. கரண்டு ஆபீஸ்ல இருந்து பேசுத மாதிரி, ரேஷன் கடையில இருந்து பேசுத மாதிரி, பேராயர் ஆபீஸ் பி.ஏ. மாதிரி, அவ தங்கச்சி மாதிரியே கூடப் போன்ல பேசியிருக்கான். ஒரு ஹலோ. அம்புட்டுதான். 'போதும், வரும்போது அரைக்கிலோ சின்ன வெங்காயம்.' எப்பிடிடீ கண்டுபிடிக்கன்னா, 'பேசுததுக்கு முன்ன ஒரு மூச்சு விடுவீயல்லா, அதுல'ங்கா. சனியன், மூச்சை மாத்தவா முடியும்? இந்த ரெண்டு வாரமும் போன்ல பேச்சு வேற மாதிரி. அவ கேப்பா, இவன் நகத்தால போனைத் தட்டணும். ஒரு தட்டு ஆமா. ரெண்டு தட்டு இல்ல. 'மாத்திரை போட்டாச்சா?' டொக். 'பக்கத்துல யாராவது இருக்காவளா?' டொக் டொக். ஒருநா இவன் சும்மா பக்கத்து வீட்டுக்காரரு கதவு தட்டுத மாதிரி தட்டிப் பாத்தான். அதையும் கண்டுபிடிச்சிட்டா. ஆனா ஒண்ணு, இந்தக் குருவியை மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆறு மணின்னா வீட்டு வராந்தாவுல பதினஞ்சி டியூஷன் பிள்ளைக, வாய்ப்பாடு, டிக்டேஷன். ஒருநா கூட இந்நேரத்துக்குப் பார்க்குப் பக்கம் வந்ததில்ல. ஆறுமணிக்குருவின்னா அவளுக்கு ஜெயசிங்கு அடுக்களை வாசல்ல நின்னு அடிக்க விசிலுதான். அசலைக் கேக்காமயே நகலை நல்லாருக்குன்னு சொல்லுத ஒரே எடம் அதான்.

எலைக்குள்ள என்னமோ அசைஞ்சிச்சு. இல்ல, ஓணான். ஓணானுக்கு இங்க என்ன சோலி. அதோட சீசன் முடிஞ்சி போச்சுல்லா. 'என்ன வேய்!' முதுகுல ஒரு தட்டு. ஜெயசிங்குக்கு உசுரு தொண்டைக்கு வந்துச்சு, வந்து கட்டி இருந்த எடத்துல மோதி நின்னுச்சு. நெல்லையப்பன் சாரு. மின்வாரியத்துல இன்ஜினியரா இருந்து ரிட்டயரானவரு, காலனியில கரண்டு போனா எல்லாரையும்விட மொதல்ல வெளிய வந்து நின்னு, நான் இருந்தப்ப இப்பிடிப் போவாதுன்னு சொல்லுதவரு. 'ரெண்டு வாரமா ஆளைக் காணோம். எந்த ஊர் புரோகிராமு?' ஜெயசிங்கு தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி, உதட்டு மேல வெரலை வச்சான். நெல்லையப்பன் சாரு அவனையே பாத்தாரு. மூஞ்சி மலந்துச்சு. 'அடிசக்கை! இது புது அயிட்டமா? வாய் பேசாதவரு! அப்பிடியே தத்ரூபம் வேய்!' இதுதான். ரெண்டு வாரமா இதுதான். ரூபி ஒரு அட்டையில 'தொண்டை ஆபரேஷன், பேசக் கூடாது'ன்னு எழுதிக் கழுத்துல மாட்டிவிட்டா, பால்பூத்துல பத்துப் பேரு அதைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். பூத்துக்காரன் காசு வாங்க மாட்டேன்னுட்டான், அம்புட்டு சிரிப்பு. அவன் மெய்யாவே தலைசுத்தி விழுந்து கெடந்தாலும் கைதட்டிட்டுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவானுவ. நெல்லையப்பன் சாரு நகரல. 'உரக்குழியை என்ன பாக்கீரு? கொசுவா? நான் மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கேன், இதை மூடிட்டு சிமெண்டு போடணும்னு. பாம்பு கெடக்கும்லா.' மூடிட்டு சிமெண்டு. ஜெயசிங்குக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கதவு அடிச்சிச்சு. அங்கிட்டு இமயமலையில இருந்து ஒருத்தன் ராத்திரி ராத்திரியாப் பறந்து வந்து எறங்குவான், எறங்குனா சிமெண்டு. இப்பப் பேசலாம். டாக்டரம்மா பேசலாம்னுட்டாவ. சாரு, அந்த மனுவைத் திருப்பி வாங்கும், இல்லாட்டி உம்ம குரல்லயே வாரியத்துக்குப் போன் போட்டு உம்ம வீட்டு லைனை நானே வெட்டச் சொல்லிருவேன். வாய் வரைக்கும் வந்துச்சு. உதட்டை இறுக்கிக்கிட்டான். ரெண்டு வாரம் பொத்தி வச்ச மொதச் சத்தத்தை நெல்லையப்பன் சாருக்கா கொடுக்கது? கும்பிட்டான். 'அதுவும் தத்ரூபம்'னு சொல்லிட்டு அவரு கையை வீசி வீசி நடந்து போனாரு. போனவரு போயிருக்கலாம். வாக்கிங் பாதை வட்டமால்லா கெடக்கு. திரும்பி வருவாரு.

கம்பத்துல கட்டியிருந்த ஸ்பீக்கரு கொரகொரன்னு முழிச்சிச்சு. 'பொதுமக்கள் தங்கள் இல்லங்களில் சேரும் குப்பைகளை மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தரம் பிரித்து.' அந்தப் பொம்பளை 'மக்காத'ங்கதுல ஒரு அழுத்தம் கொடுப்பா, மக்காததுமேல அவளுக்கு என்னமோ சொந்தக் கோவம் இருக்க மாதிரி. ஜெயசிங்கு மண்டைக்குள்ள அவளாவே ஒருக்கா சொல்லிப் பாத்தான். அப்பிடியே வந்துச்சு. மண்டைக்குள்ள எல்லாம் வருது. குக்கரு வருது, பாசஞ்சரு வருது, எலக்‌ஷன்ல தோத்துட்டு நன்றி சொல்லுத வேட்பாளரு வாராரு, எல்லாரும் உள்ள வரிசையா நிக்காவ, வாசல்தான் அடைச்சிக் கெடக்கு. வாசல்ல காவலுக்கு நின்னவனைக் கிள்ளி எடுத்துப் பாட்டில்ல போட்டுட்டாவ. அந்தக் கட்டிதான் ஒருவேளை வித்தையோ. இப்பிடி யோசிக்கக் கூடாது. முப்பது வருஷ வித்தை ஒரு மொளகுக்குள்ளயா இருந்திருக்கும்? இருந்திருந்தா? அங்கிட்டுப் புல்தரையில சிரிப்புச் சங்கத்துக்காரங்க கையைத் தூக்கி ஹாஹாஹான்னு ஆரம்பிச்சாவ. ஒரு நகைச்சுவையும் இல்லாம சிரிக்க கூட்டம். அவனைப் போன வருஷம் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டாவ, போயி அரைமணி நேரம் பண்ணுனான், ஒருத்தரும் சிரிக்கல. ஜோக்குக்கு சிரிச்சா பலன் கெடையாதாம். இந்த ஸ்பீக்கரு, இந்த ஹாஹாஹா, இதுக்கு நடுவுல குருவி எப்பிடி விசிலடிக்கும், அடிச்சாலும் எவனுக்குக் கேக்கும்? அதுக்கு நேரம் கொஞ்சந்தான். வெளிச்சம் போயும் போவாம இருக்க அந்தக் கொஞ்ச நேரம். அது போச்சுன்னா நாளைக்கு. நாளைக்கு வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு ரூபி முன்னால எப்பிடி உக்காருவான்?

தலைக்கு மேல தும்பிக்கூட்டம் கூடிட்டு. மழை விட்டா வந்துரும், கண்ணாடி கண்ணாடியா, ஒரு எடத்துலயே நிக்கும், சத்தமே கெடையாது. இம்புட்டுப் பேரு பறந்தும் சத்தமில்லன்னா அது எப்பிடி இருக்கும்? அவனுக்குத் தும்பியைக் கண்டாப் பொறாமையும் பயமுமா வந்துச்சு. சத்தமில்லாம ஒருத்தன் பறந்தா அவனை எப்பிடிப் பண்ணிக் காட்டுதது? மேடையில நின்னு கையை விரிச்சிக்கிட்டு சும்மா நிக்கணும். சும்மா நின்னான்லா அன்னைக்கு. கடக்கரைப் பக்கம் ஒரு ஊரு, வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. அசனச் சோத்துக்கு, அதான் கோயில் விருந்துக்கு, வரிசை நிக்கதுக்கு முன்ன அவன் புரோகிராமு. எல்லாம் பண்ணி முடிச்சிட்டுக் கடைசியா, இப்ப நம்ம ஊருக்கு விருந்தாளியா வார ஒரு குருவின்னு சொல்லி, மைக்கைத் தள்ளிவச்சி, வாயைக் குவிச்சி, விசிலடிச்சான். காத்து. வெறும் காத்து. சைக்கிள் டியூப்ல முள்ளுக் குத்துன மாதிரி. இன்னொருக்கா. காத்து. காதுக்குள்ள கடல் சத்தம், அது கடலா இல்ல அவனேயான்னு தெரியல. கூட்டத்துல எவனோ ஒருத்தன், 'நம்ம ஐயரு மைக்கு! இப்பிடித்தான் வெறும் காத்தா வரும்!'ன்னு கத்துனான். அம்புட்டுதான், ஊரே உருண்டு சிரிச்சிச்சு, மேடையில இருந்த பாஸ்டர் ஐயரும் சிரிச்சாரு, வரிசையில நின்ன பொம்பளையாளுக தட்டை வச்சித் தட்டுனாவ. அந்த முப்பது வருஷத்துல அதான் பெரிய கைதட்டு. ஜெயசிங்கு குனிஞ்சி கும்பிட்டான். வித்தை செத்துக் கெடக்கு, அதுக்குக் கைதட்டுதாவ, இவன் கும்பிடுதான். அன்னைக்குத் தட்டுல வச்ச கறிச்சோறு தொண்டையில எறங்கல. அதுக்கு அடுத்த வாரந்தான் டாக்டரம்மாகிட்ட போனது. அதனாலதான் மனுஷங்க வேண்டாம். ரூபியும் வேண்டாம். அவ மனுஷிதான, அதுலயும் இவன்மேல பிரியம் உள்ள மனுஷி, அவ காதை நம்பவே முடியாது.

சோளக்குருவி வந்துட்டு. மேக்க இருந்து கறுப்பா ஒரு துணியை உதறுன மாதிரி வந்து, சுருண்டு, விரிஞ்சி, பார்க்குக்குப் பின்னால உள்ள வேப்பமரத்துல மொத்தமாக் கொட்டிச்சு. கொட்டுன ஒடனே எடச் சண்டை. கச்சேரி. எரநூறு பேரு ஒரே நேரத்துல பேசுதான், ஒருத்தனும் கேக்கல. இதுவும் வெளியூருதான், இதுவும் சீசனுக்கு வந்ததுதான், ஆனா பாரு, வந்தமா உக்காந்தமான்னு இல்லாம. ஜெயசிங்கு கடியாரத்தைப் பாக்கல, பாத்தா நின்னுரும். தூரத்துல கோயில் மணி அடிச்சிச்சு. ஆறு. ஆறாச்சு! இப்ப. இப்பத்தான். சோளக்குருவி சத்தம், சிரிப்புச் சங்கம், ஸ்பீக்கர்ல மக்காத குப்பை. குழியை உத்து உத்துப் பாத்தான். கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. வா ராசா. ஒருக்கா. நீ ஒருக்கா அடி, நான் ஒருக்கா அடிக்கேன், நீ பதில் சொல்லு, நான் வீட்டுக்குப் போறேன். வேற ஒண்ணும் கேக்கல. 'சிங்கண்ணே!' அடக் கடவுளே. இசக்கிராஜா. செல்போன் கடைப் பய, சாயங்காலமானா பார்க்குல எக்சர்சைஸ் கம்பியில தொங்க வருவான். 'அண்ணே, நம்ம கடைக்கு ஒரு வாய்ஸ் பேசித் தாங்கண்ணே. பழைய வில்லன் மாதிரி. டிஸ்ப்ளே ஒடஞ்சிட்டா எங்கிட்ட வான்னு.' ஜெயசிங்கு தலையை ஆட்டினான். 'அப்ப, ஒரு கிழவி மாதிரி?' தலையை ஆட்டினான். 'சரி விடுங்க, யாரு மாதிரியாவது.' யாரு மாதிரியாவது! ஜெயசிங்கு ரெண்டு கையையும் கூப்பி அவனை அனுப்பி வச்சான். பய போயி பக்கத்துக் கம்பியைப் பிடிச்சித் தொங்கிக்கிட்டே இவனையே பாத்தான், ஓசியில ஏதாவது கெடைக்குமான்னு.

அப்ப எலை அசைஞ்சிச்சு. ஓணானில்ல. ஒரு எலை பொரண்டுச்சு, இன்னொரு எலை பொரண்டுச்சு, அதுக்குப் பின்னால, அந்த அழுக்குக்குள்ள இருந்து, ஒரு செவப்பு. அது. அதேதான். எறங்கி ரெண்டு மூணு நாளுதான் இருக்கும், ஒரு சுத்து எளைச்சிருந்துச்சு. வால் இல்லாத வாலை மேலயும் கீழயும் ஆட்டிச்சு. புழுவைக் கொத்தி இழுத்துச்சு. ஜெயசிங்குக்குப் பெஞ்சு ஈரம் மறந்துச்சு, ஸ்பீக்கரு எங்கயோ போச்சு. வாயைக் குவிச்சான். உதடு காஞ்சி கெடந்துச்சு, நாக்கால நனைச்சான். அவசரப்படாத. அது மொதல்ல அடிக்கட்டும். வித்தையே காத்திருக்கதுலதான். ஒண்ணு. குருவி தலையைச் சாச்சிச்சு. ரெண்டு. குழிக்கு அந்தப் பக்கம், சாம்பக் கலர்ல, சாம்பல் எங்க முடியுது மண்ணு எங்க தொடங்குதுன்னு தெரியாம, ரெண்டு காது. பூனை. வயித்தைத் தரையில ஒட்டிக்கிட்டு. பின்னங்காலு ரெண்டும் இடமும் வலமும் ஆடுது. அது ஆடுனா அடுத்தது பாயும். அதோட டைமிங்கும் சரியாத்தான் இருந்துச்சு, அவனைவிட சரியா இருந்துச்சு. குருவி புழுவைப் பாக்கு, பூனை குருவியைப் பாக்கு, இமயமலை, இம்புட்டு தூரம், இங்க வந்து, இந்தக் குழியில,

'ச்சீ சவமே! போ அங்கிட்டு!'

பூனை ஒரு முழம் மேல எழும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து ஓடிச்சு. குருவி எப்பிடிப் போச்சுன்னே தெரியல, எலைக்கடியில ஒரு செவப்பு அணைஞ்சிச்சு, அம்புட்டுதான். சிரிப்புச் சங்கம் சிரிப்பை நிறுத்திச்சு. சோளக்குருவி கூட ஒரு நிமிஷம் அமந்த மாதிரி இருந்துச்சு. ஜெயசிங்கு பெஞ்சுக்கு முன்னால எந்திச்சி நிக்கான், எப்ப எந்திச்சான்னு தெரியல, கையில ஒத்தச் செருப்பு இருக்கு. அந்தச் சத்தம் இன்னும் அங்கனயே நின்னுச்சு. கரடுமுரடா, தாழ்ந்து, நடுவுல கிழிஞ்சி, கிழிஞ்ச எடத்துல காத்து வந்து. யாரோடது? ஆயிரம் பேரு குரலைக் கேட்ட ஒடனே இன்ன ஊரு, இன்ன வயசு, இன்ன சோலின்னு சொல்லுதவன். இதை ஒரு எடத்துலயும் வைக்க முடியல. உள்ள வரிசையில நிக்க ஒருத்தரோடதும் இல்ல. இசக்கிராஜா கம்பியை விட்டுட்டு ஓடி வந்தான்.

'அண்ணே! செம! யாரு வாய்ஸுண்ணே அது?'

ஜெயசிங்கு அவனைப் பாத்தான். கையில இருந்த செருப்பைப் பாத்தான்.

'பழைய படத்துல வார ஆளா? நான் பாத்ததில்லயே.' பய தலையைச் சொறிஞ்சிக்கிட்டே போனான்.

செருப்பைக் கீழ போட்டுக் காலை நொழைச்சான். பெஞ்சுல உக்காந்தான். ஈரம் தொடங்குன எடத்துல இருந்து மறுபடியும் தொடங்கிச்சு. போச்சு. எல்லாம் போச்சு. ரெண்டு வாரம் கோழி அடைகாத்த மாதிரி காத்து, குருவிக்குன்னு வச்சிருந்த மொதச் சத்தம், ரூபிக்குன்னு வச்சிருந்த மொத வார்த்தை, ஒரு தெருப்பூனை தின்னுட்டுப் போயிட்டு. குருவி இனிமே வாயைத் தொறக்குமா? பூனைக்குப் பயந்ததைவிட இவனுக்குப் பயந்திருக்கும். வெளிச்சம் மஞ்சள் போயி சாம்பலாயிட்டு இருந்துச்சு, பூனை வெளிச்சம். சட்டைப்பையில போன் அதிர்ந்துச்சு. ரூபி. எடுத்துக் காதுல வச்சான். பின்னால பிள்ளைக கத்துது, ஏழெட்டு அம்பத்தாறு, ஏழொம்பது அறுபத்தி மூணு.

'ஏங்க, எங்க இருக்கீய? இருட்டப் போவுது. பேசிட்டியளா?'

டொக்.

அவ சத்தமில்லாம ஒரு மூச்சு விட்டா. 'நெசமாவா? யாருகிட்ட?'

அதுக்கு எப்பிடித் தட்ட?

'நெல்லையப்பன் சாருகிட்டயா?'

டொக் டொக்.

'அந்த செல்போன் கடைப் பயகிட்டயா?'

டொக் டொக்.

'பொம்பளையாளா?'

டொக்டொக். அவசரமா.

'பின்ன யாருகிட்டங்க? எங்கிட்ட சொல்லுததுக்கு முன்ன அப்பிடி எந்த மகராசங்கிட்ட சொன்னீய?'

கண்ணை மூடிக்கிட்டான். இனி மறைக்கதுக்கு என்ன இருக்கு? 'பூனைகிட்ட'ன்னான்.

அதே குரலு. கரடுமுரடா, கிழிஞ்சி. போனுக்கு அந்தப் பக்கம் ஏழு பத்து எழுபதோட வாய்ப்பாடு நின்னுச்சு, ரூபி கையைக் காட்டி நிறுத்தியிருப்பா. ஒண்ணு. ரெண்டு. மூணு. இம்புட்டு நேரம் அவ ஒருநாளும் எடுத்ததில்ல.

'என்ன சொன்னீய பூனைகிட்ட?'

'சவமேன்னேன்.'

பொறவு ரொம்ப மெதுவா, பிள்ளைகளுக்குக் கேக்காம, 'இது உங்களுதுதான். தூக்கத்துல பேசுதது'ன்னா. அடுத்து என்னமோ கேக்க வந்து முழுங்கினா. என்னன்னு அவனுக்குத் தெரியும். மத்த குரலெல்லாம்? அதெல்லாம் இருக்கா? அவ கேக்க மாட்டா. அவ இப்ப நல்லாருக்குன்னு சொல்லுவா. சொல்லப் போறா. பைப்பைத் தொறக்கப் போறா. ஜெயசிங்கு போனை இறுக்கிப் பிடிச்சான்.

குழிக்குள்ள இருந்து வந்துச்சு. ஏறி, நின்னு, சறுக்கி. கண்ணை மூடித் தொறக்க நேரம், கொஞ்சமும் கொறையாம, கொஞ்சமும் கூடாம. பக்கத்துல, அவன் காலடியில இருந்து வந்த மாதிரி.

'ஏங்க!' ரூபி கத்திட்டா. 'ஸ்தோத்திரம் ஆண்டவரே! இருக்கே! அப்பிடியே இருக்கே! நான் என்னெல்லாமோ நெனச்சிட்டேன் தெரியுமா, மனுஷனைப் போட்டு இந்தப் பாடு படுத்துதீயளே!' மூக்கை உறிஞ்சிச் சிரிச்சா. அழுதா. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

ஜெயசிங்கு பெஞ்சை விட்டு எந்திச்சி வாயைத் தொறந்தபடி நின்னான். முப்பது வருஷம். கரண்டு ஆபீஸு, ரேஷன் கடை, பேராயர் ஆபீஸு, அவ தங்கச்சி. ஒருக்கா கூட ஏமாறாதவ, இன்னைக்கு ஏமாந்துட்டா. ஏமாத்துனது அவன் இல்ல. அவன் இடத்துல அவனா நடிச்சி, கைதட்டும் வாங்கிட்டு, அது அங்க எலைக்கடியில புழு தின்னுக்கிட்டு இருக்கு. அது நானில்ல ரூபின்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. இப்ப சொன்னா அந்தச் சிரிப்பு என்னாவும்? வாயை மூடினான்.

'இன்னொருக்கா பண்ணுங்க'ன்னா ரூபி. 'பிள்ளைகளா, எல்லாரும் சும்மா இருங்க. சார் குருவி மாதிரி பண்ணப் போறாவ.'

போனைக் குழிப்பக்கம் நீட்டினான். பண்ணுடா. எனக்காகப் பண்ணு. வேப்பமரத்துல சோளக்குருவிச் சண்டை ஓஞ்சி போச்சு, ஸ்பீக்கரும் எப்பவோ நின்னு போச்சு, ரெண்டு வாரத்துல இம்புட்டு அமைதி அவன் கேட்டதில்ல. குருவி கம்முன்னு இருக்கு. 'ஏங்க?'ங்கா ரூபி, சின்னதா, போனுக்குள்ள இருந்து. பதினஞ்சி பிள்ளைக மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்கது இவனுக்குக் கேக்கு. இதுக்கு மேல நின்னா கொஞ்சம் கூடிரும். கூடுனா மனுஷன். உதட்டை நனைச்சான். குவிச்சான்.

காத்துதான் வந்துச்சு. காத்துக்குள்ள, நூலு மாதிரி, ஒரு சுரம் ஏறிச்சு. இடைவெளி. கண்ணை மூடித் தொறந்தான். இன்னொரு நூலு, சறுக்கி விழுந்துச்சு.

குழியைப் பாத்தபடியே நின்னான். ஒண்ணுமில்ல. எலை அசையல. ஒண்ணு. ரெண்டு.

பதில் வந்துச்சு.

போன்ல பிள்ளைக ஓன்னு கத்திக் கைதட்டுச்சு. ரூபி கைதட்டல. அவ அந்தச் சத்தமெல்லாம் அடங்குத வரைக்கும் பொறுத்தா. பொறவு, வெங்காயம் வாங்கிட்டு வரச் சொல்லுத குரல்ல சொன்னா: 'இப்ப ரெண்டு தடவை பண்ணுனீயல்லா, மொதல்ல பண்ணுனது காத்தாப் போச்சுங்க. ரெண்டாவதுதான் சரி.'

ஜெயசிங்கு போனை வாய்கிட்ட கொண்டு வந்தான். நகத்தால ஒருக்கா தட்டினான்.

டொக்.